எட்டு முறை நின்ற மோட்டார் சைக்கிள்

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை மணிக்குத் தைப்பிங்கிலிருந்து புறப்பட்டேன். திருநெல்வேலியிலிருந்து கப்பலேறி மலாய் நாட்டுக்கு வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. தைப்பிங்கில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை, பார்க்கும் என் அண்ணன் தன் மோட்டார் சைக்கிளைக் கொடுத்து, "பினாங்கைப் பார்த்துட்டு வா. ஆனா ஞாயித்துக்கிழமை ராத்திரிக்குள்ள வண்டி இங்க நிக்கணும்" என்றார். நான் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, மீதிச் சந்தனத்தைக் குழைத்து வண்டிக்கும் கெட்டியாக ஒரு பொட்டு வைத்துக் குங்குமம் தொட்டேன். அண்ணனுக்கு இந்தப் பழக்கமெல்லாம் கிடையாது. கொட்டாவி விட்டபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

பினாங்குத் தீவுக்குப் படகு ஏறும் கடற்கரை ஊரான பட்டர்வொர்த்துக்கு ஏறக்குறைய அறுபது மைல். இரு பக்கமும் ரப்பர் மரங்கள், பிறகு நெல் வயல்கள். பாகான் செராயை நெருங்கும்போது இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று டாங்கி மூடியைத் திறந்து பார்த்தேன். முக்கால் டாங்கிக்கு மேல் இருந்தது. மூடிவிட்டு உதைத்தேன், ஒன்றும் நடக்காதது போல ஓடியது. பத்து மைல் போனதும் மறுபடி நின்றது. புக்கிட் மெர்தாஜாம் சந்தையைத் தாண்டுவதற்குள் ஐந்து முறை நின்றுவிட்டது.

என் சுபாவத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். பெட்டிக்குப் பூட்டு, பூட்டின் மேல் துணி, துணியின் மேல் என் தலை என்று கப்பலில் வந்தவன் நான். முதல் முறை நின்றபோது, தைப்பிங்கில் பெட்ரோல் ஊற்றியவன் மண்ணெண்ணெய் கலந்துவிட்டான் என்று நினைத்தேன். மூன்றாவது முறை, ஓட்டை வண்டியைத் தம்பி தலையில் கட்டிவிட்டாரே என்று அண்ணன் மேலேயே சந்தேகம் வந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

படகில் எனக்குப் பத்துக் காசு, வண்டிக்கு அரை வெள்ளி; டாலரை இங்கே வெள்ளி என்கிறார்கள். பினாங்குத் துறையில் இறங்கி, சூலியாத் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் பட்டறையைக் கண்டுபிடித்தபோது மணி இரண்டு. முதலாளி ஒரு சீனர், தவுக்கே என்கிறார்கள். வேலை செய்பவர் தமிழ் முஸ்லிம், காதர் என்று பெயர். முப்பத்தைந்து வயதிருக்கும். தகப்பனார் நாகூர்க்காரர், இவர் பிறந்தது பினாங்கில்.

"எங்க நின்னுச்சுண்ணே? மேட்டுலயா, சமதரையிலயா?"

"எங்கே வேணும்னாலும் நிக்குது பாய். அதுக்குத் தோணின இடத்துல நிக்குது."

கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். பிளக்கைச் சுரண்டினார். மண்ணெண்ணெய்த் துணியால் வண்டி முழுவதையும் பளபளவென்று துடைத்தார். பிறகு ஆயர் ஈத்தாம் வரை தாமே ஓட்டிப் போய்த் திரும்பினார். போகவர பத்து மைலிலும் வண்டி நிற்கவில்லை. கூலி இரண்டு வெள்ளி. டத்தோ கிராமாட் என்ற பகுதியில் என் ஊர்க்காரர் ஒருவர் வீட்டில் தங்கினேன். தண்டவாளம் இல்லாமல் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடும் டிராம் வண்டியை அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணி. குளியல், பொட்டு, வண்டிக்கும் பொட்டு. பத்து பெரிங்கிக் கடற்கரையைப் பார்க்கக் கிளம்பினேன். தஞ்சோங் பூங்கா என்ற ஊரைத் தாண்டியதும் அதே இருமல், அதே நிற்றல். திரும்பும் வழியில் இன்னொரு தடவை. அந்தக் கடல் எவ்வளவு அழகு என்று என்னைக் கேட்காதீர்கள். நான் மனசில் பார்த்ததெல்லாம் காதரின் முகம்தான். அவர் ஓட்டினால் ஓடுகிறது, நான் ஓட்டினால் நிற்கிறது! நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு பழையதை மாட்டிவிட்டார், அல்லது மறுநாளே நான் திரும்பி வரவேண்டும் என்று அரைகுறையாக விட்டிருக்கிறார். வேறு என்ன இருக்க முடியும்?

நேரே பட்டறைக்குப் போய்த் தவுக்கே முன்னால் கத்தினேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு மலாய் தெரியாது. இரண்டும் தெரிந்தவர் காதர் ஒருவர்தான்.

"நான் சொல்றதை அப்படியே சொல்லும். மாக்னெட்டோவுல இருந்த நல்ல சாமானை நீர் திருடிட்டீர்னு சொல்லும்!"

காதர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு மலாயில் சொன்னார். மாற்றித்தான் சொல்லுவார் என்று நினைத்தேன். ஆனால் தவுக்கேயின் முகம் சிவந்த விதத்தைப் பார்த்தால், ஒரு சொல் குறையாமல் சொல்லியிருக்கிறார். தவுக்கே பதிலுக்கு இரைந்தார்.

"என்ன சொல்றார்?"

"இன்னொரு தடவ இந்த வண்டி நின்னா எனக்கு இங்க வேல இல்லயாம்ணே."

சொல்லிவிட்டுக் காதர் வண்டியருகே குனிந்து டாங்கியையே வெகுநேரம் பார்த்தார். கை வைக்கவில்லை. "நாளைக்குக் காலையில வீட்டுக்கு வாரேன். நீங்க எப்பவும் கெளம்புற மாதிரியே கெளம்புங்க. நான் பின்னால ஒக்காந்து வாரேன், அவ்வளவுதான்லா" என்றார். வேலை போகப் போகிற ஆத்திரத்தில் வண்டியை வழியில் ஏதாவது செய்ய வருகிறாரோ என்று அன்றிரவு நான் யோசித்ததையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு வந்துவிட்டார். நான் அவர் கைகளையே கவனித்தேன். அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். நான் பொட்டு வைத்து முடித்ததும் பின்னால் ஏறிக்கொண்டார்.

தீவைச் சுற்றி வரும் சாலையில் தெற்கே திரும்பினோம். குளுகோர் தாண்டித் தென்னந்தோப்புகள். ஒன்பதாவது மைலில், பாயான் லெப்பாஸுக்குச் சற்று முன்னால், வண்டி இருமியது; நின்றது.

"பார்த்தீரா? இப்ப என்ன சொல்றீர்?"

"நீங்களே மூடியத் தெறங்கண்ணே. மெதுவா. காத குடுத்துக் கேளுங்க."

மெதுவாகத் திருகினேன். உஸ்ஸென்று டாங்கி காற்றை உள்ளே இழுத்துக்கொண்டது.

"அந்த மூடி நடுவுல ஒரு சின்ன ஓட்டை உண்டு. அது வழியா காத்து உள்ள போனாதான் பெட்ரோல் கீழ எறங்கும்."

மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "இதுல ஏது ஓட்டை?"

"இருக்குண்ணே. பொட்டுக்குக் கீழ இருக்கு."

டாங்கியின் நடுவில் உருண்டையாக இருந்த அந்த மூடியைப் பார்த்தால் நெற்றி மாதிரி இருக்கும். பொட்டு வைக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தோன்றவில்லை. மூன்று நாளும் காலையில் எழுந்து, குளித்து, பக்தியோடு நானே வண்டியின் மூச்சை அடைத்திருக்கிறேன்.

"நேத்தே தெரியுமா உமக்கு?"

"வெள்ளிக்கெழம அழுக்குனு நெனச்சுத் தொடச்சிட்டேன். நேத்து அதே எடத்துல புதுசாப் பார்த்தப்பதான் சாமிப் பொட்டுனு புரிஞ்சுது. சந்தேகம் வந்துச்சு. ஆனா நாங்க முஸ்லிம் ஆளுங்க. உங்க பொட்ட அழிச்சுட்டு, இதனாலதான் நின்னுச்சுனு நான் சொன்னா நம்பியிருப்பீங்களாண்ணே?"

நம்பியிருக்க மாட்டேன். திருட்டோடு அந்தப் பழியையும் சேர்த்துக் கத்தியிருப்பேன். அவர் சட்டையிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்து நீட்டினார். அப்போதும் பொட்டைத் தொடவில்லை. என் வேட்டி நுனியால் நானே துடைத்து, ஊசியால் குத்தித் துளையைத் திறந்தேன். பிறகு பாலிக் புலாவ் மலைப்பாதை ஏறி இறங்கி, மிச்சமிருந்த முப்பத்தைந்து மைலுக்கும் மேலே வண்டி ஒரு தரம்கூட இருமவில்லை.

பகல் ஒரு மணிக்குப் பட்டறை. காதரின் துண்டும் சாப்பாட்டுத் தூக்கும் வாசலுக்கு வெளியே வைக்கப்பட்டிருந்தன. காதர் காலையில் வேலைக்கு வராததிலிருந்தே, வண்டி மறுபடி நின்றுவிட்டது என்று தவுக்கே முடிவு கட்டியிருக்க வேண்டும். அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. நடந்ததைச் சொல்லும்படி காதரிடம் சொன்னேன். இரண்டே வாக்கியம் பேசினார். தவுக்கே சமாதானமாகவில்லை, காதரைப் பார்த்து ஏதோ சுள்ளென்று கேட்டார்.

"என்ன கேக்கிறார்?"

"ஓட்டை அடச்சிருந்துச்சுனு சொன்னேன். அத ரெண்டு நாளா ஏன் நீ பாக்கலனு கேக்குறாரு."

"யார் அடைச்சதுன்னு சொன்னீரா?"

"அது எதுக்குண்ணே, விடுங்க."

என்னைத் திருடன் என்று நேற்று ஒருவன் சொல்லியிருந்தால், இன்று அவன் மானத்தை நான் காப்பாற்றியிருக்க மாட்டேன்.

"தப்பு என்னுதுன்னு மலாயில எப்படிச் சொல்லணும்?"

காதர் வேண்டாம் என்று கையை அசைத்தார். மறுபடி கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு, "சாயா சாலா" என்றார்.

தவுக்கேயின் கையைப் பிடித்து வண்டியருகே அழைத்துப் போனேன். என் நெற்றிப் பொட்டைக் காட்டினேன். மூடியைக் காட்டினேன். என் மார்பைத் தொட்டு, "சாயா சாலா" என்றேன். பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவருக்குப் புரியவில்லையோ என்று இன்னொரு முறை உரக்கச் சொன்னேன். தவுக்கே மூடியையும் என் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிக்கவில்லை. வாசலுக்குப் போய்த் தூக்கையும் துண்டையும் எடுத்து வந்து உள்ளே ஆணியில் மாட்டினார்.

இரண்டரை மணிப் படகில் ஏறினேன். பினாங்கு பின்னால் சிறிதாகிக்கொண்டிருந்தது. முப்பத்திரண்டு வயதில் அந்த வார்த்தையை ஒரு மனிதர் முன்னால் முதன்முதலாகச் சொல்லியிருக்கிறேன், அதுவும் எனக்குத் தெரியாத பாஷையில். தமிழிலேயே சொல்லியிருக்க வேண்டியவர்கள் ஊரில் நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் போன வருஷம் இறந்துவிட்டார்.