பத்தில் ஒரு பங்கு

சுடுமண்ணில் தலை செய்பவனுக்கு முதல் விதி இது: உலரும்போதும் சூளையில் வேகும்போதும் மண் பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும், ஆதலால் அளவைவிடப் பெரிதாகச் செய்தால்தான் அளவாக வரும். பிள்ளை பெற்று அல்லலுறும் அன்பர்களே, இவ்விதிக்குச் சற்றே செவிகொடுங்கள்.

வாசல் பலகை

என் மகள் ஜெசிந்தாவுக்கு ஐந்து வயது நிறைந்தது முதல், ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவள் தலையைச் செய்வது என் வழக்கம். முதல் தலையை, எங்கள் தீவு நகரமான ஜார்ஜ்டவுனில் என் பட்டறையின் வாசல் பலகையில் வைத்திருந்தேன். மறைந்த கணவரின் சிலைக்குச் சொல்லிவைக்க, அக்கரைப் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரிப் படகில் வந்த ஆசிரியை ஒருவர் அதைக் கனிவோடு பார்த்தார்.

"மகளுக்கு மூணு வயசா, தம்பி?"

மூக்குக்கண்ணாடி

ஜெசிந்தாவின் பன்னிரண்டாம் வயதில், நிபோங் திபால் லாரி முதலாளி ஒருவர் தம் தந்தையின் சிலையை எடுத்துப்போக வந்தார். தந்தையின் கண்ணாடியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துச் சிலைக்கு மாட்டினார். "பாருங்கண்ணே, டக்குனு உட்காருது லா!" என்று கண் கலங்கினார்.

அருகில் நின்ற மகளும் தன் கண்ணாடியைக் கழற்றி, அவ்வாண்டு நான் செய்த தன் மண்தலைக்கு மாட்டினாள். அது வழுக்கித் தாடையில் நின்றது. முதலாளி சிரித்தார், அவள் சிரிக்கவில்லை.

"ஊருக்கெல்லாம் அளவு சரியா வருது. எனக்கு மட்டும் ஏன்பா சின்னதாவே வருது?"

பதினான்கு தலைகள்

கை தவறுகிறது என்றே நெடுநாள் சொல்லிவந்தேன். ஆண்டுதோறும் ஒரே பக்கமாகத் தவறும் கை, தவறும் கையன்று, விரும்பும் கை.

பத்தொன்பதாம் பிறந்தநாளுக்குச் சில நாள் முன்பு, அவளுக்குக் கடல் தாண்டியுள்ள சபா மாநிலத்தில் பல்கலைக்கழக இடம் கிடைத்தது. ஒரு வாரத்துக்குள் ஒப்புதல் தெரிவிக்க வேண்டும். "இன்னும் குழந்தை, அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்று மறுத்தேன். அவளோ பதினான்கு தலைகளையும் என் மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டுப் போனாள். சூளையைக் கவனிக்கும் என் கூட்டாளி சவரிமுத்து, முதல் தலையையும் கடைசித் தலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பிள்ள வளந்துருச்சு லா, அண்ணே. நீங்கதான் வேகவெச்சு வேகவெச்சுச் சுருக்குறீங்க."

பதினைந்தாவது

அன்றே சம்மதித்தேன். அவளை உட்காரவைத்து, காலிப்பர் அளவுகோலால் அளந்து, பத்தில் ஒரு பங்கு கூட்டினேன். ஈரமண் தலையைக் கண்டு, "பூசணிக்கா மாதிரி இருக்கேன்பா!" என்று சிரித்தாள். மண் உலருமுன் விமானம் ஏறிவிட்டாள்.

பெற்றோரே, பிள்ளைகளுக்கு அளவைக் கூட்டியே கொடுங்கள். சுருக்கும் வேலையை உலகம் பார்த்துக்கொள்ளும்.

சூளை திறந்ததும், அவள் விட்டுச்சென்ற பழைய கண்ணாடியை மாட்டிப் பார்த்தோம். அசையாமல் நின்றது. சவரிமுத்து கைச்சாம்பலைத் தட்டினார்.

"இப்ப அளவு சரி, அண்ணே. ஆளுதான் இல்ல."

வந்தவர்க்கெல்லாம் இந்த முதல் விதியை விளக்கிய எனக்கு, அது என் வீட்டுக்கும் பொருந்தும் என்று விளங்கப் பதினான்கு தலைகள் செலவாயின.