முகத்துவாரத்தில் அரை மீற்றர் அலை

போன தை மாதக் கடைசியில் நான் மட்டக்களப்புக்குப் போனது ஊர் பார்க்க அல்ல, ஒரு கையெழுத்துக்காக. கடலோர ராடார் எடுக்கும் படங்களிலிருந்து அலையின் உயரத்தைக் கணக்கிடுவது கொழும்பில் என் வேலை. முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்த ஒரு மீனவரின் அனுமதிப்பத்திரத்தைப் பறிக்கப் போவதாக மீன்பிடித் திணைக்களத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. ராடார் பதிவில் அலை அரை மீற்றர்தான், அவர் கவனமில்லாமல் ஓட்டினார் என்று நான் உறுதிப்படுத்த வேண்டுமாம். இடத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட மனம் வரவில்லை.

காலை ஆறேகாலுக்குக் கொழும்பில் பஸ் ஏறினேன். ஒன்றேகாலுக்கு ஓட்டமாவடியில் தேநீர், இரண்டரைக்கு மட்டக்களப்பு. அங்கிருந்து முகத்துவாரத்து வெளிச்சவீடு ஐந்து கிலோமீற்றர், ஓட்டோவுக்கு 600 ரூபாய்.

"முகத்துவாரம் வெட்டின இடத்தப் பாக்கவா வாறீங்க?" என்றார் சாரதி.

"எப்போது வெட்டினார்கள்?"

"பொங்கலுக்கு முதல்நாள். கொக்கட்டிச்சோலப் பக்கம் வயல்வட்டையெல்லாம் வெள்ளம். வயலக் காப்பாத்த மணல வெட்டி ஆத்தக் கடலுக்கு விட்டாங்க."

படகு கவிழ்ந்ததும் அதே நாள். எனக்கு வந்த கடிதத்தில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை!

படகு கவிழ்ந்த மீனவர் தவராசா கரையில் நின்றார். "விடிய வெளிக்கிட்டுப் போகக்குள்ள கடல் நல்லாத்தான் கிடந்தது. திரும்பி வரக்குள்ள ஆத்துத் தண்ணி எதிர்த்துத் தள்ளுது, அலை ஆள் உயரம் எழும்பி நிக்குது. நான் பொய் சொல்லுறன் எண்டு எழுதிப்போட்டாங்க தம்பி. எனக்கு வேற தொழில் தெரியாது."

ராடார் அறை பக்கத்தில்தான். கணினியைத் திறந்தேன். ராடார் நொடிக்கு நொடி எடுக்கும் படங்களில் அலைகள் வெள்ளைக் கோடுகளாக நகரும். எந்த நீளத்து அலை எவ்வளவு வேகத்தில் போகும் என்பது தெரிந்த கணக்கு. அந்தக் கணக்குக்குப் பொருந்தாததைக் கணினி நிரல் இரைச்சல் என்று வெட்டிவிடும். எதிர்நீரோட்டத்தில் சிக்கிய அலை வேகம் குறைந்து, குறுகி, உயரும். நிரலில் நீரோட்டம் பூச்சியம் என்று இருந்தது. தவராசாவைக் கவிழ்த்த அலைகள் முழுவதும் இரைச்சலாக வீசப்பட்டிருந்தன.

ராடார் அறைப் பொறுப்பதிகாரியிடம் காட்டினேன். "படிவத்தில அலை உயரம் மட்டும்தான் சேர் கேட்டிருக்கு. நீரோட்டத்துக்கு இடமில்ல," என்றார். அவர் கதிரைக்குப் பின்னால் முகத்துவாரத்தைப் பார்த்த பெரிய சன்னல். அதற்குத் திரை போட்டு வைத்திருக்கிறார். "அன்றைக்கு ஒருமுறை அதை விலக்கிப் பார்த்திருந்தால் போதுமே ஐயா!"

என்று கத்திவிட்டு வெளியே வந்து, நிரலில் நீரோட்டம் பூச்சியம் என்று இருந்ததைத் தவராசாவிடம் சொன்னேன். அவர் கேட்டார்: "அந்தப் பூச்சியத்த ஆர் தம்பி போட்டது?"

நான்தான். மூன்று வருடத்துக்கு முன், முகத்துவாரம் என்ற ஒன்று இருப்பதே தெரியாமல், கொழும்பில் உட்கார்ந்துகொண்டு. அதை அவரிடம் சொன்னேன். ராடார் அறைக்குத் திரும்பிப் போய், அன்றைய பதிவு பிழை, பிழை என்னுடையது என்று எழுதிக் கையெழுத்திட்டேன். விசாரணை இன்னும் முடியவில்லை.

போகிறவர்களுக்கு: வெளிச்சவீட்டுக்கு நாலு மணிக்குப் பிறகு போங்கள், வெயில் தணியும். முகத்துவாரம் வெட்டியிருந்தால் படகில் ஏறுமுன் கரையில் வலை காயவைப்பவரைக் கேளுங்கள். வெளிச்சவீட்டு வாசலில் என் நிரல் கணக்கிடும் அலை உயரத்தைக் காட்டும் பலகை ஒன்று உண்டு. நிரலைத் திருத்த எனக்கு இன்னும் அனுமதி வரவில்லை. அதனால் அந்தப் பலகையை நம்பாதீர்கள். எழுதியவன் சொல்கிறேன்.