அளக்காமல் எழுதிய எண்கள்

என் கைபேசியில் ஒரு பக்கத்தின் படம் இருக்கிறது. கோடு போட்ட பெரிய பதிவேட்டின் பக்கம். இடது ஓரத்தில் தேதி, அடுத்து தொட்டியின் பெயர், அதற்கடுத்து எண்கள், வலது ஓரத்தில் என் கணவரின் கையெழுத்து. நீல மை. அடித்தல் திருத்தல் ஒன்றுகூடக் கிடையாது. மளிகைச் சீட்டு எழுதினாலே நாலு இடத்தில் அடித்து எழுதும் மனிதர், கப்பலில் இம்புட்டு சுத்தமாக எழுதியிருக்கிறாரே என்று முதலில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. என் புத்தி அப்படி. யாரிடமும் காட்டாதே என்று சொல்லித்தான் அவர் அனுப்பியிருந்தார். நான் நேராக அடுப்படிக்குப் போய் என் மாமியாரிடம் காட்டினேன். அத்தை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கைபேசியை மூக்குக்கு அருகில் பிடித்து ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு அடுப்பை அணைத்தார். "இவன் அளக்கலம்மா" என்றார்.

அத்தை அரசு மருத்துவமனையில் முப்பத்து மூன்று ஆண்டு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். போன ஆண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனையூரில் எங்கள் வீட்டுப் படுக்கை விரிப்புகளின் மூலைகள் இன்றும் வார்டில் மடிக்கிற மாதிரிதான் மடிக்கப்படுகின்றன. பதினோரு வருடம் அவரோடு மல்லுக்கட்டியும் அதை என்னால் மாற்ற முடியவில்லை. இப்போது என் கையே அப்படித்தான் மடிக்கிறது. "இந்த வீட்டுக்கும் ஒரு கேஸ் ஷீட் மாட்டிவிடுங்களேன் அத்தை" என்று கிண்டல் செய்வேன். மற்ற எதற்கும் பதிலுக்குப் பதில் கொடுப்பவர், அதற்கு மட்டும் வாயே திறக்க மாட்டார். ரோஷக்காரி என்று நினைத்துக்கொள்வேன்.

என் கணவர் சரக்குக் கப்பலில் நாலாவது இன்ஜினியர். கப்பலின் அடியில் எண்ணெயும் தண்ணீரும் கலந்த அழுக்கு சேர்ந்துகொண்டே இருக்கும். அதை அப்படியே கடலில் விடக் கூடாது. எண்ணெயைப் பிரித்தெடுக்கும் கருவி வழியாகத்தான் விட வேண்டும். எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு வெளியே போனது, எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்று பதிவேட்டில் எழுதியாக வேண்டும். வேலையைச் செய்தவர் ஒவ்வொரு பதிவிலும் கையெழுத்திட வேண்டும், பக்கத்தின் அடியில் கேப்டன் கையெழுத்திட வேண்டும். தப்பாக எழுதிவிட்டால் சுரண்டக் கூடாது, வெள்ளை மை தடவக் கூடாது. பழைய எழுத்து படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு இழுத்து, அதிலும் கையெழுத்திட வேண்டும். புத்தகம் நிறைந்த பிறகும் மூன்று வருடம் அது கப்பலிலேயே இருக்க வேண்டும். இந்தச் சட்டமெல்லாம் எனக்கு மனப்பாடமானது அவர் அமெரிக்காவில் சிக்கியிருந்த முதல் இரண்டு மாதங்களில்தான். அதற்கு முன்னால் அவர் கப்பலைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அங்கே சாப்பாடு சரியில்லை என்பது மட்டும்தான்.

அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் அதிகாரிகள் கப்பலில் ஏறினார்கள். தாங்களே அளவு நாடாவைத் தொட்டிக்குள் இறக்கிப் பார்த்தார்கள். தொட்டியில் ஓர் அளவு, புத்தகத்தில் வேறோர் அளவு. கப்பலை நிறுத்திவிட்டு, இன்ஜின் அறை ஆட்கள் ஆறு பேரைக் கரையில் ஒரு விடுதியில் வைத்தார்கள். பாஸ்போர்ட் கையில் இல்லை. "தினமும் அளந்தாயா" என்று கேட்டதற்கு இவர் அளந்தேன் என்று சொல்லியிருந்தார். எங்களிடமும் அதையேதான் சொன்னார். நம்பினோம். தினமும் காலை ஆறரைக்கு அவர் அழைப்பார். அங்கே அப்போது முந்தைய நாள் இரவு ஒன்பது மணி. ஐந்தே முக்காலுக்கே நான் கைபேசியைக் கையில் எடுத்துவிடுவேன். ஒரு நாள் ஆறு நாற்பது வரைக்கும் அழைப்பு வரவில்லை. பத்து நிமிடம்தான். அதற்குள் அவரை விலங்கு போட்டு இழுத்துப்போய் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவது வரைக்கும் நான் பார்த்து முடித்துவிட்டேன்.

அத்தை படத்தைப் பார்த்ததற்கு மறுநாள், ஒரு புதன்கிழமை. கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் வைத்திருந்தேன். அத்தை சுற்றி வளைக்கவில்லை. "ஏய்யா, நீ அளக்கலதான?" என்றார். "நெசமா அளந்து எழுதுறவன் ஒரு பக்கத்துல ஒரு எடத்துலயாச்சும் தப்பா எழுதி அடிச்சிருப்பான். ஒனக்குத் தெனமும் ஒரே அளவு ஏறுது. எதையோ பாத்து எழுதுனதுய்யா அது." அதற்குப் பிறகு என் கணவரால் மறைக்க முடியவில்லை. பிரிக்கும் கருவி பழுது. இவருக்கு மேலே இருந்த செகண்ட் இன்ஜினியர் ஒரு குழாயை மாட்டி அழுக்கை நேராகக் கடலில் விட்டிருக்கிறார். அளந்து எழுதினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால், தினமும் காலையில் ஒரு துண்டுச் சீட்டில் எண்களைக் கொடுப்பாராம். இவர் நாடாவைத் தொடாமலே அதைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

"நடுக்கடல்ல விட்டதுக்கு இவங்க எங்களத் தொட முடியாதாம்மா," என்றார். "பொய் எழுதுன புக்க இவங்க துறைமுகத்துக்குள்ள கொண்டாந்ததும், கேட்டப்ப பொய் சொன்னதுந்தான் கேஸு." அவருக்கென்று அமர்த்தியிருந்த வக்கீல் ஒன்று சொல்லியிருக்கிறார். அங்கத்திய நேரப்படி வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மறுபடி விசாரணை. முதலில் சொன்னது பொய் என்று அப்போது அவராகவே ஒப்புக்கொண்டால் சாட்சியாக வைத்துக்கொண்டு பிறகு ஊருக்கு அனுப்ப வாய்ப்பு உண்டு. உறுதி தர முடியாது. பழையதையே சொன்னால் சிறை. ஆனால் அவரைக் கப்பலுக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரர் எனக்கே போன் செய்திருந்தார். "தைரியம் சொல்லுங்க மேடம். அளந்தேன்னு ஒரே வார்த்தையில நிக்கச் சொல்லுங்க. காட்டிக் கொடுத்தவன்னு பேரு வந்துச்சுன்னா அப்பறம் எந்தக் கப்பல்லயும் ஏற முடியாது." நானும் அந்த ஆளுக்குத் தலையாட்டியிருந்தேன். மறைக்க என்ன இருக்கிறது, என் பயம் அப்படி. எது உண்மை என்பதைப் பற்றி அன்று எனக்குக் கவலையே இல்லை, யார் சொன்னபடி கேட்டால் மனுசன் வீடு வந்து சேருவார் என்பது ஒன்றுதான் கேள்வி.

"அளக்கலன்னு சொல்லிருய்யா," என்றார் அத்தை. என் கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒங்களுக்கென்னம்மா, வீட்டுல இருந்துக்கிட்டுச் சொல்லுவீங்க. எழுதுனவன் நான். கையெழுத்து என்னோடது. ஒங்களுக்கு இந்த மாதிரி வந்திருந்தாத் தெரியும்." வந்தது என்றார் அத்தை. அவர் குரல் அப்படி ஒடுங்கி நான் கேட்டதில்லை. பிரசவ வார்டில் சாயங்கால ட்யூட்டி. ஐம்பது படுக்கைக்கு ஒற்றை நர்ஸ். நாலு மணிக்கும் எட்டு மணிக்கும் ஜுரம் பார்க்காமலே அத்தனை அட்டையிலும் நார்மல் என்று ஒரே மூச்சில் எழுதியிருக்கிறார். பதினோராம் நம்பர் படுக்கைப் பெண்ணுக்குப் பிள்ளை பிறந்து இரண்டாம் நாள். உடன் இருந்த அவளுடைய நாத்தனார் வந்து, உடம்பு கொதிக்கிறது சிஸ்டர் என்று சொல்லியிருக்கிறாள். இப்போதுதானே பார்த்தேன், போம்மா என்று விரட்டியிருக்கிறார். டாக்டர் வந்து அட்டையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் மத்தியானம் அந்தப் பெண் இறந்துபோனாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது. "விசாரணையில கேட்டாங்கய்யா. அளந்தேன், நார்மலாத்தான் இருந்துச்சுன்னு சொன்னேன். அட்டையும் அதத்தான சொல்லுது. அம்புட்டுத்தான், விட்டுட்டாங்க." என் கணவர் பிறப்பதற்கு முன்னால் நடந்தது இது. மாமாவுக்குக்கூடத் தெரியாமல் வைத்திருந்திருக்கிறார்.

அப்புறம் என் கணவர் ஒன்று கேட்டார். அதை அன்று கொடூரம் என்று நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். "அவங்க வீட்டுல போயி இதச் சொல்லிருவீங்களாம்மா? நீங்க சொல்லிட்டா நானும் சொல்றேன்." அழைப்பு துண்டிக்கப்பட்டது. அத்தை உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தார். "டி. கல்லுப்பட்டி போகணும். அந்தப் பொண்ணு புருசனுக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல சைக்கிள் கடை," என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். இரண்டு தடவை பஸ் ஏறிப் போயிருக்கிறாராம். இரண்டு தடவையும் கடைக்கு எதிரே நின்று டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டாராம்.

பள்ளி ஆபீசில் எனக்கு வேலை. லீவு சொல்லிவிட்டு நானும் கிளம்பினேன். திருநகர் தாண்டும்வரை அத்தை பேசவில்லை. அதற்குப் பிறகு என் முழங்கையைப் பிடித்தவர் இறங்கும்வரை விடவில்லை. "அடிப்பாங்களோ?" என்று ஒரு தடவை கேட்டார். போலீஸில் சொல்வார்களோ, பென்ஷனை நிறுத்துவார்களோ என்றெல்லாம் நான்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்; அவருக்கு அந்த யோசனை இருந்ததாகத் தெரியவில்லை. சைக்கிள் கடை இப்போது டூவீலர் மெக்கானிக் கடையாகியிருந்தது. கடைக்காரர் சாமான் வாங்கத் திருமங்கலம் போயிருக்கிறார், வருகிற நேரந்தான் என்று பக்கத்துக் கடையில் சொல்லி, பின்னாலிருந்த வீட்டைக் காட்டினார்கள். கதவைத் திறந்தது அந்த நாத்தனார். அறுபது வயதிருக்கும். அத்தை உள்ளே போகாமல் நிலைப்படிக்கு வெளியே நின்றே சொன்னார். படுக்கை நம்பரைச் சொன்னார், தேதியைச் சொன்னார். "அன்னைக்கு நான் ஜுரம் பாக்கலம்மா. பாக்காமலே எழுதுனேன். நீங்க வந்து சொன்னப்பவும் பாக்கல."

அந்த அம்மா கத்துவார் என்று நினைத்து நான் அத்தைக்கு முன்னால் அரை அடி நகர்ந்து நின்றேன். அவர் கத்தவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, "ஒடம்பு கொதிச்சது எனக்குத் தெரியுமே," என்றார். "தொட்டுப் பாத்தேனே நான்." பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஜுரமே இல்லை என்று ஆஸ்பத்திரி சொல்லிவிட்டதால், அப்புறம் எதனால் செத்தாள் என்று வீட்டில் கேள்வி வந்திருக்கிறது. வீட்டிலிருந்து இவர் கொண்டுபோய் ஊட்டிய ரசஞ்சோறுதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பிள்ளையை வளர்த்துக் கட்டிக்கொடுத்தது இவர்தான். ஆனால் அன்றிலிருந்து அண்ணன் இவர் கையால் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, மூன்று வேளையும் கடைச் சாப்பாடு. இவ்வளவையும் கோள் சொல்வது போலத்தான் சொன்னார், அழவில்லை. "எங்கண்ணே வாரட்டும். எங்கிட்டச் சொன்னத அது முன்னாடி ஒரு தடவ சொல்லிட்டுப் போங்க" என்றார். வாசலில் உட்கார்ந்தோம். முக்கால் மணி நேரம் இருக்கும். போய்விடலாம் அத்தை என்று இரண்டு தடவை சொன்னேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

அண்ணன் வந்தார். பெரிய உருவம், தோளில் டியூப் வளையங்கள். அத்தை எழுந்து நின்று, முதலிலிருந்து, ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னார். கேட்டு முடித்தவர் அத்தையைப் பார்க்கவே இல்லை. தங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தோளிலிருந்ததை இறக்கி வைத்தார். "சோறு இருக்கா?" என்று கேட்டார். அந்த அம்மா உள்ளே ஓடினார். எங்களை யாரும் போகச் சொல்லவில்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம்.

வியாழக்கிழமை காலை ஆறரை. "சொல்லிட்டேன்யா," என்றார் அத்தை. அவங்க என்னம்மா சொன்னாங்க என்று கேட்டார் மகன். "என்னைய ஒண்ணும் சொல்லல. அந்த அண்ணே தங்கச்சிகிட்டச் சோறு இருக்கான்னு கேட்டாரு." நடந்ததை எல்லாம் சொன்னார். அந்தப் பக்கம் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "சரிம்மா. பத்து மணிக்குப் போயி, அளக்கலன்னு சொல்லிர்றேன்."

சொன்னார். ஏழு மாதம் சாட்சியாக அங்கேயே வைத்திருந்து அனுப்பினார்கள். ஏஜென்சிக்காரர் சொன்னதும் பலித்தது. அதன் பிறகு எந்தக் கப்பலிலும் அவருக்கு வேலை இல்லை. இப்போது ஊருக்கு வெளியே ஒரு மில்லில் பாய்லர் பார்க்கிறார், இரவு வீட்டுக்கு வந்துவிடுகிறார். ஆனால் அந்தக் காலையில் இதில் எதுவும் எங்களுக்குத் தெரியாது. அழைப்பு முடிந்ததும் நான் அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஜெயிலில் போட்டுவிடுவார்கள் அத்தை, நாமே அனுப்பிவிட்டோம் அத்தை என்று உளறியிருக்கிறேன். நெஞ்சு படபடவென்று அடித்து மூச்சு வாங்கியது. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து என் மணிக்கட்டில் நாடியைப் பிடித்தார். சுவரில் கடிகாரத்தைப் பார்த்து உதட்டுக்குள் எண்ண ஆரம்பித்தார். பயத்தில் அடிக்கிறது அத்தை, நூறு இருக்கும், விடுங்கள் என்று கையை இழுத்தேன்.

"இரு," என்றார், கண்ணைக் கடிகாரத்திலிருந்து எடுக்காமல். "முழு நிமிசம் ஆகட்டும்."