லாரிக்காரர் பின்னிய போர்வை

என் கடைக்கு ஆண்கள் வருவதற்கு இரண்டே காரணங்கள்தான். மனைவி எழுதிக் கொடுத்த சீட்டோடு பட்டனோ நூல்கண்டோ வாங்க வருவார்கள். இல்லையென்றால் மழைக்கு ஒதுங்குவார்கள். குமரகுரு அண்ணன் முதன்முதலாக வந்த அன்று மழையும் இல்லை, அவர் கையில் சீட்டும் இல்லை. ஐம்பத்தைந்து வயதிருக்கும். இடது கை மாநிறம், வலது முழங்கை மட்டும் வெயிலில் தீய்ந்து கறுத்திருந்தது. அந்த ஒரு கையைப் பார்த்தாலே நாமக்கல்லில் குழந்தைகூடச் சொல்லிவிடும், ஆள் லாரி டிரைவர் என்று.

"ஏனுங்க அம்மிணி, இருக்கறதுலயே மொத்தமான உல்லன் நூலு எடுங்க. கயிறு தண்டி இருக்கோணும்."

"எதுக்குங்கண்ணா, மாட்டைக் கட்டவா?" என்றேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் என் அத்தா வைத்துவிட்டுப் போன பேன்சி கடை இது. ஊசி, லேஸ், ஜரிகை, உல்லன் எல்லாம் கிடைக்கும், தஸ்லீமிடம் பொறுமை மட்டும் கிடைக்காது என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி சோபாவில் உட்கார்ந்து, விரல் தண்டி நூலில், கட்டை மாதிரி ஒரு குரோஷா கொக்கி ஊசியால் பட்டை பட்டையாகப் போர்வை பின்னிக்கொண்டிருந்தாள்.

"புதுசாப் பழகறவங்களுக்காம். அவ பேசறது ஒண்ணும் புரியிலீங்க. கையப் பாத்துப் பாத்து மனப்பாடம் பண்ணிட்டேன்."

"போர்வை யாருக்கு?"

"என்ற சம்சாரத்துக்குங்க."

"கடையில விக்கிற போர்வைக்கு என்ன குறைச்சல்?"

"மூணு வாங்கிட்டேனுங்க. ஒண்ணு கனமா இருக்குதுங்கறா. ஒண்ணு குத்துதுங்கறா. இன்னொண்ணு வழுக்கி வழுக்கிக் கீழ உழுந்துருது." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கும் சும்மா உக்காந்திருக்க முடியிலீங்க" என்றார்.

அந்தத் தடிமனில் நூல் இந்த ஊரில் யார் வாங்குவார்கள்? சித்திரை வெயிலில் உல்லன் என்று சொன்னாலே ஆளுக்கு வேர்க்கும். சாதாரண உல்லனில் மூன்று இழையைச் சேர்த்துப் பிடித்துப் பின்னச் சொல்லி, பெரிய ஊசி ஒன்றைச் சேலத்திலிருந்து வரவழைத்துத் தருவதாகச் சொன்னேன். நிறம் கேட்டதும் மஞ்சள், பச்சை, வாடாமல்லி என்று யோசிக்காமல் அடுக்கினார். எல்லாம் லாரிக்கு அடிக்கிற நிறம். "வெள்ள மட்டும் வேண்டாமுங்க" என்றார் அழுத்தமாக.

ஊசி வந்து பத்து நாள் கழித்து, பின்னியதைக் காட்ட வந்தார். ஒரு சாண் அகலத்துக்கு ஏதோ செய்திருந்தார். மேஜையில் நிறுத்தினேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அது நின்றது.

"இது போர்வை இல்லீங்கண்ணா, கால்மிதி. நூலை ஏன் இப்படி இறுக்குறீங்க? ஊசி நுழையவே இடமில்லையே!"

"கை அப்படித்தான் இழுக்குதுங்க. இருபத்தேழு வருசம் தார்ப்பாய்க் கயிறு கட்டின கை. தளத்தி உட்டா லோடு சாஞ்சிருமல்லங்க? சாஞ்சா உசுருக்கே ஆபத்து."

"இதுல யாரும் செத்துப் போக மாட்டாங்க, லூசாப் பிடிங்க!" என்று சத்தம் போட்டேன்.

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். மனைவி அன்புச்செல்விக்கு இரண்டு சிறுநீரகமும் போய் இரண்டு வருஷமாகிறது. அதோடு லாரியை விட்டு இறங்கிவிட்டார். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் புதுச்சத்திரத்திலிருந்து பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்து, என் கடைக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம் மெஷினில் இருக்க வேண்டும். அந்த அம்மா இரண்டரை மணி நேரம் ஆனதும் "குளிருது, கழட்டி உடுங்க" என்று ரகளை பண்ண ஆரம்பித்துவிடுகிறார். ஏசி அறை, ரத்தம் வேறு வெளியே போய் வருகிறது, எல்லாருக்கும் குளிரத்தான் செய்யும். ஆனால் பாதியில் கழற்றினால் ரத்தம் சுத்தமாகாது, நீர் நுரையீரலில் ஏறிவிடும். போன மாதம் அப்படி ஏறி, மூச்சுத் திணறி மூன்று நாள் தீவிர சிகிச்சையில் இருந்திருக்கிறார். இன்னொரு முறை அப்படி ஆனால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"ஆஸ்பத்திரியில வெள்ளப் போர்வ குடுக்கறாங்க. பொணத்தப் போத்தற மாதிரி இருக்குது, வேண்டாங்கறா. கலர் கலரா மெத்துனு ஒண்ணு போட்டுட்டா நாலு மணி நேரமும் படுத்திருவா. அதானுங்க."

எனக்கு என் வாயை நானே தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. பின்னியதை முழுக்கப் பிரித்து, அவர் விரலைப் பிடித்து மறுபடி ஆரம்பித்தேன். அறுபது கண்ணி போட்டுச் சங்கிலி. நூலை ஆள்காட்டி விரலில் சுற்றாமல் சும்மா மேலே தவழ விடச் சொன்னேன். தினமும் கடைக்கு வந்து பழகினார். இறுக்கினால் கையில் ஒரு தட்டு தட்டுவேன். பாவம், "செரிங்க, செரிங்க" என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குக் கடை சாத்தியிருந்த நேரத்தில், டீ பிளாஸ்கை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணன் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, உதட்டை அசைத்துக் கண்ணி எண்ணிக்கொண்டிருந்தார். கூட வந்தவர்கள் உள்ளே போகக் கூடாது என்பது அங்கே சட்டம். பொறுப்பு நர்ஸ் மோனிஷா என் கடையில் லேஸ் வாங்குகிறவள் என்பதால், முகக்கவசம் போட்டுக்கொண்டு ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு வரச் சொன்னாள்.

அன்புச்செல்வி அக்கா ஒல்லியாக, பெரிய கண்களோடு படுத்திருந்தார். இடது கையில் இரண்டு ஊசி, அதிலிருந்து சிவப்புக் குழாய்கள். ஏசிக்கு நேராக இல்லாத கட்டில்தான். நான் யாரென்று சொன்னதும் வலது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை சில்லென்று இல்லை. வேர்த்திருந்தது.

"அக்கா, உங்களுக்குக் குளிரவே இல்லையே!"

அவர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார். "குளிரெல்லாம் தாங்கிக்குவேன் தங்கச்சி. பயமா இருக்குது. என்ற ரத்தம் அந்தக் குழாய்ல போறதப் பாத்துட்டுத் தனியாப் படுத்திருக்க முடியில. ரெண்டு மணி நேரம் பல்லக் கடிச்சுக்குவேன். அதுக்கு மேல நெஞ்சு அடிச்சுக்குது."

"இதை அண்ணன்கிட்டச் சொல்லலாமே?"

"லாரிக்காரன் ஊட்டுல அதெல்லாம் சொல்லக் கூடாதுங்க. ஸ்டேரிங் புடிக்கற ஆளு மனசுல கவலைய ஏத்தக் கூடாதுன்னு கண்ணாலமான மொத நாளே என்ற மாமியா சொன்னாங்க. அவரு நாக்பூர்ல இருந்து போன் பண்ணுவாரு. ஊட்டுல எல்லாம் நல்லாருக்குதா புள்ளம்பாரு. நல்லாருக்குதுங்கன்னுவேன். மக இனியாவுக்குக் கை முறிஞ்சப்பவும் அதேதான், என்ற அப்பனுக்கு முடியாமப் போனப்பவும் அதேதான். நாக்குக்கு வேற பழகவே இல்ல. நீங்களும் சொல்லிப்போடாதீங்க. அல்லா மேல ஆணையாச் சொல்லுங்க."

ஆணை வாங்கிவிட்டார். நான் வெளியே வந்தபோது அண்ணன் ஆவலாக எழுந்து நின்றார். "ரொம்பக் குளிருதுங்கறாளா?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை. அந்த மாமியார் உயிரோடு இருந்திருந்தாலாவது போய்ச் சண்டை போட்டிருப்பேன்.

சத்தியத்தை மீற முடியாது. ஆனால் பொய் சொல்லக் கூடாது என்று யாரும் என்னிடம் சத்தியம் வாங்கவில்லையே? நேராக மோனிஷாவிடம் போனேன்.

"சிஸ்டர், இந்தப் போர்வையை அவங்க மேல போட்டுத்தான் பின்னணும். ஆளை அளவு பார்க்காம பின்னினா ஊசி குத்தின கையை மூடிரும். அந்தக் கை வெளிய தெரியணும்னு நீங்கதானே போர்டு வெச்சிருக்கீங்க? நாளைக்கு ஊசி நழுவி ரத்தம் போனா யாருக்கும் தெரியாது."

குரோஷா தெரிந்த யார் காதில் விழுந்திருந்தாலும் சிரித்திருப்பார்கள். மோனிஷாவுக்கு குரோஷா தெரியாது. என்னை ஒரு நிமிஷம் முறைத்தாள்.

"போர்வை முடியற வரைக்குந்தான். மாஸ்க் போடணும், வலது பக்கம் மட்டும் உட்காரணும். முடிஞ்ச அன்னிக்கே வெளிய போயிரணும்."

திங்கட்கிழமையிலிருந்து அண்ணன் உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்தார். பின்னிய பாகம் அக்காவின் பாதத்தை மூடியிருக்கும். வேலை நடக்கிற பக்கம் அவர் மடியில் இருக்கும். அன்று மூன்று மணி நேரம் ஓடியது. புதன்கிழமை மூன்றரை. அடுத்த வாரம் நாலு மணி நேரமும் முழுசாக ஓடி, மெஷின் தானே மணி அடித்தது. அண்ணன் கடைக்கு ஓடி வந்து, ஏதோ லாட்டரி விழுந்த மாதிரி சொன்னார்.

"பாதி போத்தினதுக்கே குளிரு அடங்கிருச்சுங்க அம்மிணி! நூலுன்னா அது நூலு!"

ஆமாங்கண்ணா, என்றேன். வேறென்ன சொல்வேன்?

ஒரு தடவைக்கு ஒரு பட்டை. மஞ்சள் முடிந்து பச்சை, பச்சை முடிந்து வாடாமல்லி. ஒவ்வொரு வரிசையிலும் கடைசிக் கண்ணியை விட்டுவிடுவார். புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு. போர்வை ஓரம் சாய்ந்துகொண்டே போகும். அதைக் கண்டுபிடிப்பது அக்காவின் வேலையானது. "அம்பத்தொம்பதுதான் வந்துது. எண்ணிப் பாருங்க" என்பாராம். இவர் எண்ணிப் பார்த்து அசடு வழிவாராம். எண்ணிக்கைக்கு நடுவே பேச்சும் வந்தது. ஒடிசாவில் வெள்ளத்தில் மாட்டி நாலு நாள் லாரி கேபினிலேயே இருந்ததை அண்ணன் சொன்னார். மகள் இனியாவுக்குக் கை முறிந்த கதையை அக்கா சொன்னார். இனியா கல்யாணமாகி ஓசூருக்கே போய்விட்டாள். அப்பாவுக்கு இப்போதுதான் தெரிகிறது. அன்று அவர் லோடு இறக்கி ஊர் திரும்புவதற்குள் மாவுக்கட்டையே பிரித்துவிட்டார்களாம். அதைச் சொல்லவே அண்ணன் கடைக்கு வந்தார்.

"பதினெட்டு வருசங் கழிச்சுத் தெரியுதுங்க அம்மிணி. நான் பெத்த புள்ள கை முறிஞ்சது."

போர்வை முழங்காலைத் தாண்டி, இடுப்பைத் தாண்டி, நெஞ்சுக்கு வந்தது. அது முடிந்தால் இவர் வெளியே போக வேண்டும். கடைசியில் ஒரு நாள், "ஓரத்த முடிக்கத் தெரியிலீங்க, வந்து காட்டிக் குடுங்க" என்று கூப்பிட வந்தார். நூல் தீர்ந்துபோச்சு, அடுத்த வாரம் வரும் என்றெல்லாம் இழுத்துப் பார்த்தேன். போகாமல் இருக்க முடியவில்லை.

கட்டில் பக்கத்தில் நின்று நான் சொல்லிக் கொடுக்க, அண்ணன் நூலை வெட்டி, நுனியைப் பெரிய ஊசியில் கோத்து உள்பக்கம் ஒளித்தார். எழுந்து நின்று போர்வையை இழுத்துச் சரி செய்தார். மஞ்சளும் பச்சையும் வாடாமல்லியுமாக, இடது ஓரம் லேசாகக் கோணிக்கொண்டு, பாதத்திலிருந்து கழுத்து வரைக்கும் வந்தது. அந்த அறையில் வேறு யாருக்கும் அப்படி ஒன்று இல்லை. இடது கை மட்டும் வெளியே இருந்தது. மெஷினில் இன்னும் ஒன்றரை மணி நேரம் பாக்கி காட்டியது.

"முடிஞ்சிருச்சா?" என்று மோனிஷா வந்து நின்றாள். "அழகா இருக்கு. அப்ப நீங்க வெளிய இருங்க, அண்ணா."

"வாரேன் புள்ள. இனிக் குளிராது," என்று சொல்லிவிட்டு அண்ணன் ஊசியையும் மிச்ச நூலையும் பையில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். இரண்டு எட்டு வைத்திருப்பார். அக்காவின் முகத்தில் முத்து முத்தாக வேர்வை அரும்பியது. அவர் திரும்பிப் பார்த்தார். அந்த வேர்வையைப் பார்த்தார். போர்வையைப் பார்த்தார். லோடு ஏற்றி நாடு முழுக்கப் போன மனிதர், ஒன்றும் புரியாமல் அங்கேயே நின்றார். உண்மை எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சத்தியம் பண்ணிக் கொடுத்ததால் விழுங்கினேன்.

திரும்பி வந்து கட்டிலருகில் குனிந்தார். "ஏம்புள்ள, இது குளிரில்லியே?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். "நல்லாத்தான் இருக்குதுங்க. நீங்க போங்க."

"செல்வி, நான் இப்ப ஸ்டேரிங் புடிக்கறதில்ல. சொல்லு."

அதைக் கேட்டதும் அக்காவின் உதடு கோணியது. சிறு பிள்ளை மாதிரி அழுதார். "பயமா இருக்குதுங்க. எனக்கு ரொம்பப் பயமா இருக்குது. என்னைய உட்டுட்டு வெளிய போகாதீங்க."

நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது? அண்ணன் மோனிஷாவைப் பார்த்தார். போர்வை முடிந்துவிட்டது, சட்டம் சட்டம்தான். மோனிஷா மெஷினில் ஏதோ ஒரு பொத்தானைப் பார்ப்பது போல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பியபடியே காலால் ஸ்டூலை அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

அவர் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். பின்ன ஒன்றும் இல்லாததால், போர்வைக்குள் கையை விட்டு அக்காவின் வலது கையைப் பிடித்துக்கொண்டார்.