சைக்கிளுக்கு விலைபோகாத மஸ்தான்

மஸ்தான் பாய் இறந்துபோன செய்தி வந்தபோது நான் முடிதிருத்தும் கடையில், பாதிக் கன்னத்தில் சோப்பு நுரையோடு அண்ணாந்து உட்கார்ந்திருந்தேன். பீடிக்கடை தனகோட்டி வாசலிலிருந்து தலையை மட்டும் உள்ளே நீட்டினான்.

“நைனா, உன் தோஸ்து பூட்டாரு. விடிகாலைல, ஆசுபத்திரிலயே. சாயங்காலம் எடுக்கறாங்களாம்.”

“எந்த தோஸ்து?” என்று கேட்டது நானல்ல, கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவர்.

“மஸ்தானு பா. தண்டையார்பேட்ட மஸ்தானு.”

“சைக்கிள் மஸ்தானா? அடப்பாவமே! இன்னா ஆட்டம் ஆடுவான்! ஒரு சைக்கிளுக்கு ஆசப்பட்டு கெட்டுப்பூட்டான்.”

கத்தி என் தொண்டைமேல் இருந்தது. அதனால் நான் பதில் பேசவில்லை. ஏழு வருஷமாக எனக்கு இந்தச் சௌகரியம் இருந்துவருகிறது: அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் வாயைத் திறக்காமலிருக்க ஏதாவது ஒரு காரணம் கிடைத்துவிடும்.

என் பெயரைப் பார்த்ததும் சிரிக்கலாம் என்று இந்தப் பத்திரிகைப் பக்கத்துக்கு வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். இந்தத் தடவை சிரிப்பதற்கு அதிகம் இல்லை. ஆலைகள் லீக்கின் இரண்டாம் டிவிஷனில் மஸ்தான் கூடைப்பந்து ஆடிப் பார்த்தவர்கள் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை சில ஆயிரம் பேராவது இருப்பீர்கள். அவரைச் ‘சைக்கிள் மஸ்தான்’ என்று அழைத்தவர்களும் நீங்களேதான். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

அவர் ஆட்டக்காரரானதே ஒரு கூத்து. வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடையில் அவர் துணி மூட்டையை ஸ்டூல் போடாமல் மேல்தட்டில் தூக்கி வைத்ததை எங்கள் கயிறு ஆலையின் லேபர் ஆபீசர் பார்த்துவிட்டார். அடுத்த வாரமே மஸ்தான் ஆலையில் முறுக்கு இயந்திரத்தில் வேலைக்கு வந்துவிட்டார். அப்போதெல்லாம் வழக்கம் அதுதான். பந்து ஆடுவதற்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. பந்து ஆடுகிறவனுக்கு வேலை கொடுப்பார்கள். மூன்று மணிக்கே பயிற்சிக்கு விடுவார்கள், பந்தய நாளில் இரண்டு முட்டை. தோற்றுக்கொண்டே போனால் முட்டையும் போகும், வேலையும் போகும்.

முதல் பந்தயத்தில் இடைவேளைக்குப் பிறகு மஸ்தான் பந்தைப் பிடித்து, நாலு பேரைத் தள்ளிக்கொண்டு ஓடி, அழகாக எங்கள் வளையத்திலேயே போட்டார். இடைவேளையில் பக்கம் மாறும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்த இரண்டு புள்ளியில்தான் தோற்றோம். ஆபீசர் குதித்தார். மஸ்தான் நிதானமாகச் சொன்னார்: “தினிக்கும் ஒரே வூட்டுக்குப் போறவன் சார் நானு. பாதியில வூட்ட மாத்திக்கினா எனக்கு எப்படித் தெரியும்?”

ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டார். கடலோரம் இருந்த எங்கள் மைதானத்தில் பந்தைவிடக் காற்றுதான் அதிகம் ஆடும். ஃப்ரீ த்ரோ போடும் முன் மஸ்தான் பனியனில் ஒட்டியிருக்கிற கயிற்று நார்த் தூசியைக் கிள்ளி மேலே விடுவார். அது பறக்கிற பக்கத்தைப் பார்த்து, வளையத்துக்கு ஒரு சாண் தள்ளிக் குறிவைப்பார். பந்து வளைந்து வந்து விழும். வார்ப்பட ஆலைக்காரர்கள் ஒருமுறை, காற்று உங்கள் பக்கம் என்று சண்டைக்கு வந்தார்கள். “காத்து எந்தக் கம்பெனிலயும் கையெயுத்துப் போடல நைனா. நீயும் பாத்துப் போடு” என்றார். இந்த வாக்கியத்தை நான் என் கட்டுரைகளில் மூன்று தடவை என்னுடையதுபோல உபயோகித்திருக்கிறேன். அவர் கண்டுகொண்டதில்லை.

நான் அந்த ஆலையில் டைம் ஆபீஸ் குமாஸ்தா. வாயிற்கதவருகே ஒரு ஜன்னல், அதற்குப் பின்னால் நான். தொழிலாளிகளுக்குக் காலையில் பித்தளை டோக்கன்களைக் கொடுத்து, வேலை முடிந்து போகும்போது வாங்கி மாட்டுவது என் உத்தியோகம். கையெழுத்து நன்றாயிருக்கும் என்பதால் லீக்கில் ஸ்கோர் எழுதுவதும் நான்தான். ஞாயிறு மாலை பந்தயம் முடிந்ததும் காலடிப்பேட்டை முனையில் தனகோட்டி கடைக் கரும்பலகையில் முடிவுகளை எழுதுவதும் நான்தான். பலகையின் வலது பாதியில் வெற்றி தோல்வி. இடது பாதியில் ‘மாற்றம்’ என்று தலைப்பிட்டு, எந்த ஆட்டக்காரன் எந்த ஆலைக்குப் போகிறான் என்ற செய்தி. சத்தியமாகச் சொல்கிறேன், ஜனங்கள் முதலில் படிப்பது இடது பாதியைத்தான்.

இங்கே ஒரு விவரம் சொல்ல வேண்டும். ஒருவன் ஆலை மாற வேண்டுமானால் பழைய ஆலை விடுதலைச் சீட்டுத் தர வேண்டும். சீட்டில்லாதவனை வேறு எந்த ஆலையும் சேர்க்காது. அதனால் ஒருவன் ரகசியமாகப் பேரம் பேசுகிறான் என்று காதில் விழுந்தால், ஆலைக்காரர்கள் முந்திக்கொண்டு அவன் டோக்கனைப் பிடுங்கி வேலையைவிட்டு நிறுத்திவிடுவார்கள், சீட்டையும் தரமாட்டார்கள். சீசன் பதிவுப் புத்தகம் மூடுகிற நாள்வரை அவன் தெருவில் நின்றால் போதும். அதற்குப் பிறகு அவனால் ஆட முடியாது. ஆட முடியாதவனுக்கு வேலை ஏது?

இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

அந்த ஞாயிறு நாங்கள் எண்ணெய்க் கம்பெனியை ஜெயித்தோம். வலது பாதியை எழுதிவிட்டேன். இடது பாதியில் எழுத ஒன்றுமில்லை. சுற்றிலும் முப்பது பேர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். “இன்னா நைனா, இந்த வாரம் எவனும் ஓடலியா?” என்று ஒருவன் கேட்டான். கூட்டம் கேட்டால் கொடுத்துவிட வேண்டும் என்கிற வியாதி எனக்கு அன்றே உண்டு. முந்தின நாள்தான் மஸ்தான் தன் மச்சான் கொடுத்த பழைய சைக்கிளுக்குத் தானே பச்சை பெயிண்ட் அடித்து, என் ஜன்னலுக்கு முன் நிறுத்தி, மணியடித்துக் காட்டியிருந்தார். கூட்டம் டீக்கடைப் பக்கம் நகர்ந்ததும் சுண்ணக்கட்டியை எடுத்து எழுதினேன்: ‘மாற்றம்: கயிறு ஆலை மஸ்தான் ரப்பர் கம்பெனிக்கு. விலை: ஒரு சைக்கிள், டயர் உட்பட.’

டீ குடித்துவிட்டு வந்து படித்தவர்கள் நன்றாகச் சிரித்தார்கள். நான் வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை, சிரிக்காதவர்கள் படித்திருந்தார்கள். மஸ்தான் பச்சைச் சைக்கிளில் வந்து இறங்குவதை லேபர் ஆபீசர் மாடியிலிருந்து பார்த்தார். கீழே வந்து என்னிடம் கேட்டார்: “அந்தப் பலகை நீ எழுதுவதுதானே?”

அதற்கு இரண்டு மாதம் முன்புதான், அவர் தொப்பியைப் பற்றி நான் எழுதிய ஒரு நகைச்சுவைக்காக, இன்னொரு தடவை விளையாடினால் வீட்டுக்குப் போகலாம் என்று எச்சரித்திருந்தார்.

“ஸ்கோர் மட்டும்தான் சார் நான் எழுதுவேன். மற்றதை யார் யாரோ எழுதிவிட்டுப் போவார்கள்.”

அரைமணி நேரத்தில் உத்தரவுச் சீட்டு என் மேசைக்கு வந்தது. மஸ்தானை ஜன்னலுக்குக் கூப்பிட்டார்கள்.

“இன்னா மாமு, டோக்கனக் கேக்கறாங்க?”

“ஆபீஸ் உத்தரவு பாய்.”

“நான் எங்கியும் போவலியே! உனக்குத் தெரியும்ல, சைக்கிளு மச்சான் குட்த்ததுன்னு. நீ சொல்லு அவருகிட்ட.”

ஆபீசர் பத்தடி தள்ளி நின்றிருந்தார். நான் கையை நீட்டினேன். மஸ்தான் இடுப்பிலிருந்து டோக்கனை அவிழ்த்து என் கையில் வைத்தார். அது சூடாக இருந்தது. நான் அதை ஆணியில் மாட்டினேன்.

பதிவுப் புத்தகம் மூட அந்தச் சனிக்கிழமைவரை நாளிருந்தது. அதற்குள் நான் மாடியேறி ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்: எழுதியது நான், விளையாட்டுக்கு. செவ்வாய், புதன் என்று தள்ளினேன். சனிக்கிழமை மத்தியானம் ஏறிவிட்டேன். கதவைத் தட்டினேன். ஆபீசர் நிமிர்ந்து, “என்ன?” என்றார்.

“மசி தீர்ந்துபோச்சு சார்” என்றேன். ஒரு புட்டி மசி வாங்கிக்கொண்டு இறங்கினேன். இதுவரை எழுதிய எந்த நகைச்சுவையிலும் என்னை இவ்வளவு அற்பமாக நான் காட்டியதில்லை.

இறுதிப் பந்தயம் ரப்பர் கம்பெனியோடு. முப்பத்தாறுக்கு முப்பத்தேழு, தோற்றோம். ஸ்கோர் புத்தகத்தில் எழுதியவன் நான். கடைசி நிமிஷத்தில் எங்கள் பையன்கள் இரண்டு ஃப்ரீ த்ரோக்களைக் காற்றில் விட்டார்கள். வேலிக்கு வெளியே எல்லாத் தலைகளுக்கும் மேலே மஸ்தானின் தலை தெரிந்தது. கூட்டம் வேலிப்பக்கம் திரும்பியது. “தோ நிக்கறான் பாரு! சைக்கிளுக்கு வித்தவன்!” என்று யாரோ கத்தினார்கள். யாரோ என்ன யாரோ, இதைப் படிக்கிறவர்களில் சிலர்தான். அவர் அங்கேயே நின்று, ஆட்டம் முடிந்ததற்கான விசில் ஊதியபிறகுதான் போனார். சைக்கிளை அந்த வாரமே மச்சானிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். பெயர் மட்டும் அவரோடு தங்கிவிட்டது.

எந்த ஆலையும் சேர்க்கவில்லை. துறைமுகத்தில் நிலக்கரி இறக்கப் போனார். ஒருநாள் பீச் ரோட்டில் பார்த்தேன். கண்ணின் வெள்ளையைத் தவிர எல்லாம் கறுப்பு. நான் ஒதுங்கப் பார்ப்பதற்குள் அவரே கூப்பிட்டார்.

“மாமு! அப்பவும் கூடை, இப்பவும் கூடை. இந்தக் கூடைக்கு மட்டும் அடியில ஓட்ட இல்ல. அதான் பேஜாரு.”

சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அந்த இருமலைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது, இது சாதாரணச் சளியல்ல என்று.

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் முடிவு பார்க்க வருவார். கடைப்பக்கம் வரமாட்டார், எதிர்ச் சாரியில் நிற்பார். அவர் உயரத்துக்கு அங்கிருந்தே பலகை தெரியும். ஏன் இந்தப் பக்கம் வருவதில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆபீசரிடம் நான் சொன்ன பொய் அவர் காதுக்கும் போயிருந்தது. “தனகோட்டி கடைல நான் பீடி வாங்க மாட்டேன் மாமு. நீ ஸ்கோர் எயுதிட்டுப் போன அப்பால, அவன்தான் வேணும்னு எயுதிக்கீறான். உன் கையெயுத்து மாதிரியே போட்டுக்கீறான் கயுத.” தனகோட்டிக்கு எழுதப் படிக்கவே தெரியாது. மஸ்தானுக்கு அது தெரியாது; எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் அடுத்த சந்தேகம் யார்மேல் வரும் என்றும் தெரியும். தலையாட்டிவிட்டு வந்தேன்.

கடைசியாகப் பார்த்தது ஆஸ்பத்திரியில், ஒரு மாதம் முன்பு. நாலு சாத்துக்குடியும் ஒரு வாக்குமூலமும் கொண்டுபோனேன். அந்த நெடிய உடம்பு கட்டிலில் கொள்ளாமல், கால்கள் கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நான் ஆரம்பிக்குமுன் அவர் ஆரம்பித்துவிட்டார்.

“மாமு, அந்த தனகோட்டி எப்டி கீறான்?”

“நல்லாத்தான் இருக்கான்.”

“அவன அடிக்கணும்னுலாம் இல்ல. எனக்கும் அவனுக்கும் ஒரு தகராறு கிடையாது. ஒரே ஒரு தபா ஏன்டான்னு கேக்கணும். அவ்ளோதான். நீ கேட்டு சொல்றியா?”

சாத்துக்குடியை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன்.

கபர்ஸ்தானில் மண் போட்டேன். மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போய், அவர் மனைவி ஜைத்தூன் அக்காளிடம், நாலு பேர் இருக்கும்போதே சொன்னேன். எழுதியது நான், பொய் சொன்னது நான், ஏழு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்ததும் நான். எச்சரித்த ஆபீசர் கல்கத்தாவுக்கு மாற்றலாகி மூன்று வருஷமாகிறது. என் வீரத்துக்கு எப்போதும் ஆபத்து நீங்கிய பிறகுதான் முகூர்த்தம். அக்கா திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு:

“இத எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? எம் புருசன் எங்கியும் வெல போவலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். தண்ணி புடிக்கிற கொயாயாண்ட எம் பொண்ண சைக்கிள் மஸ்தான் பொண்ணுன்றாளுங்களே, அவளுங்களாண்ட சொல்லு. ஊருக்குத் தெரியற மாரி எயுதனவன்தானே நீ? ஊருக்குத் தெரியற மாரியே சொல்லு.”

எனக்குக் கிடைத்திருக்கிற பலகை இந்தப் பத்திரிகை. ஆகவே எழுதுகிறேன்: மஸ்தான் ரப்பர் கம்பெனியோடு பேசவில்லை. யாரிடமும் ஒரு ஆணிகூட வாங்கவில்லை. அவர் விலைபோனதாக எழுதியது கயிறு ஆலை டைம் ஆபீஸ் குமாஸ்தாவாகிய நான். தனகோட்டிக்கு இதில் சம்பந்தமில்லை. இனி அவரைப் பற்றிப் பேசும்போது அந்தப் பட்டப்பெயரை விட்டுவிடுங்கள். யாரையாவது ஏசித்தான் தீர வேண்டும் என்றால் என் விலாசம் உங்களுக்குத் தெரியும்.

மஸ்தானிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அவர் ஆஸ்பத்திரியில் கேட்கச் சொன்ன அந்த ‘ஏன்’ ஒன்றைத்தான். தினமும் ஒருமுறையாவது அதை எடுத்துப் பார்க்கிறேன். பகை என்று சொல்லலாம் என்றால் பகை இல்லை. பொறாமை என்று சொல்லலாம் என்றால் அதுகூட இல்லை. அவர் எதிரே உட்கார்ந்திருந்து, முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டிய பதில் ஒரே சொல்தான். அதைத்தான் என்னால் சொல்ல முடியவில்லை.

சும்மாத்தான், பாய்.