இல்லை என்று சொல்ல வீடு தேடி வந்தவர்

எங்கள் அக்காவை வழியனுப்ப வந்து, இன்று ஓராண்டு நினைவுக்கும் வந்திருக்கும் உங்களுக்காகத் தங்கை நான் எழுதுகிறேன். அக்கா இருந்திருந்தால், "சுருக்கமா எழுதுடி, வந்தவங்களுக்குப் பசிக்கும்" என்றிருப்பார்.

அக்கா மதுரைக்குப் பக்கத்தில் பரவையில் பிறந்தார். அப்பா அங்கே காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். அம்மா வயல் வேலைக்குப் போனார். அக்காவுக்கு மருத்துவப் படிப்பில் இடம் கிடைத்தபோது, வெங்காய வாசம் அடிக்கும் சட்டையோடு அப்பாதான் கல்லூரி வாசல்வரை கொண்டுபோய் விட்டார். வீடு திரும்பியும் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தாராம்.

பிரசவம் பார்க்கும் டாக்டராகவே அக்கா பெயர் எடுத்திருக்கலாம். அவரை ஆராய்ச்சிப் பக்கம் திருப்பியது என் உடம்பு. கல்யாணமான புதிதில், முப்பது வயதுகூட ஆகாத எனக்கு மாதவிலக்கு நின்றுபோனது. சோதனை முடிவை அக்கா போனில் சொல்லவில்லை. பஸ் ஏறி என் மாமியார் வீட்டுக்கே வந்து, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "சினைப்பை வேலைய நிறுத்திருச்சுடி. அதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல" என்றார். நான் அழுது ஓயும்வரை எழுந்திருக்கவில்லை. பிறகு என் மாமியாரிடம், "இதுல இவ குத்தம் ஒண்ணுமில்ல அத்தே. யாரும் இவள ஒரு சொல்லு சொல்லக்கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் காபியைத் தொட்டார்.

அதற்குப்பின் அக்கா வாழ்நாளெல்லாம் கேட்டது ஒரே கேள்வியைத்தான். நின்றுபோன சினைப்பைக்குள்ளும் சில முட்டைகள் உறங்கிக்கொண்டிருக்கலாம். அவற்றை எழுப்ப முடியுமா? சாயங்காலங்களில் வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்போம். மைய மண்டபத்தின் விளக்குகள் தண்ணீரில் ஆடும். அக்கா பாதி என்னிடமும் பாதி தனக்குள்ளுமாகப் பேசிக்கொண்டு வருவார். "அந்த முட்டைய மைக்ராஸ்கோப்புல பாத்தா, ஆவிக்குள்ள இட்லி தெரியிற மாதிரி இருக்குடி. அம்புட்டு அழகு!" எனக்கு ஒன்றும் புரியாது. ஆனால் அந்தக் குரலைக் கேட்டபடி விடியும்வரைகூட நடக்கலாம் போலிருக்கும்.

முன்பு வருஷக்கணக்கில் வறண்டு கிடந்த அந்தக் குளம் நிறைந்ததைக் காட்டி, பிள்ளையில்லாத பெண்ணிடம் "உனக்கும் நிறையும்" என்று யாராவது சொன்னால் மட்டும் அக்காவுக்குச் சுள்ளென்று கோபம் வரும். "குளத்துக்கு வைகை இருக்கு. இந்தப் பிள்ளைக்கு என்ன இருக்குன்னு நான் இன்னும் கண்டுபிடிக்கல. அதுக்குள்ள ஆசை காட்டாதீக."

அக்காவின் சிகிச்சையில் பிள்ளை பெற்றவர்கள் ஏராளம். அவர்கள் வீட்டு வளைகாப்பு, காதுகுத்து எதற்கும் அவர் போனதில்லை. கைகூடாதவர்கள் வீட்டுக்கு மட்டும் தேடிப் போவார். "நல்ல சேதி தானா நடந்து போயிரும். இதுக்குத்தான் ஆள் போகணும்" என்பார்.

அந்த ஒரே கேள்விக்கு விடை கிடைக்கும் முன்பே நோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. பாதி உறக்கத்தில் கண் திறந்து, "எந்திரிச்சிருச்சா?" என்று கேட்பார். அவரிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "இன்னும் இல்லக்கா" என்பேன். "சரி, தூங்கட்டும்" என்று மறுபடி கண்ணை மூடிக்கொள்வார்.

வாய்க்கரிசி போட உறவுக்காரர்களை அழைத்தபோது, நாங்கள் பார்த்தேயிராத பெண்கள் சிலரும் வரிசையில் நின்றார்கள். தட்டோடு நின்ற எங்கள் தாய்மாமாவுக்குக் குழப்பம். "நீங்கள்லாம் என்ன முறை வேணும்மா?"

முன்னால் நின்றவர் தயங்கினார். "முறையெல்லாம் ஒண்ணுமில்லய்யா. எனக்குப் பிள்ள தங்காதுன்னு சொல்ல எங்க வீடு தேடி வந்தாக. சாயந்தரம் வரைக்கும் எங்கூட உக்காந்திருந்தாக."

மாமா என்னைப் பார்த்தார். "நான் என்ன முறையோ, அவுகளும் அதே முறைதான் மாமா" என்றேன். மாமா தட்டை அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

அக்காவைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், அவருடைய ஆய்வைத் தொடரும் மாணவர்களுக்கும், என்னை ஒருநாளும் ஒரு சொல் சொல்லாத என் மாமியாருக்கும் கணவருக்கும், மாமாவுக்கும், தோள் கொடுத்த உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று அரிசி போட்ட அந்தப் பெண்களுக்கு மட்டும் நான் நன்றி சொல்லவில்லை. உடன்பிறந்தவர்களுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை.