தூக்கிச் செல்லக்கூடிய வீடு

ஞாயிற்றுக்கிழமை காலை தஞ்சாவூரிலிருந்து போன். "அங்கிள், அப்பா போயிட்டாங்க" என்றாள் பொறியாளர் தேவசகாயம் சாரின் மகள். ஆராதனைக்குக் கிளம்பச் சட்டை போட்டவர், அப்படியே கட்டிலில் சாய்ந்துவிட்டாராம். வயதாகிவிட்டது, கல்யாணச் சாவு என்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

கடலோரச் சவுக்குத் தோப்பை வனத்துறை வெட்டி ஏலம் விட்டபின், யாரும் சீந்தாத கோணல் கழிகள் கிடக்கும். தேவசகாயம் சார் அனுமதி வாங்கி அவற்றை லாரியில் ஏற்றி வருவார். வளைத்துக் கட்டி, விதவிதமாகக் குட்டி வீடுகள் செய்து பார்ப்பது அவருக்குப் பைத்தியம். "கோணக் கழிதான் சார் கூரைக்கு நல்லது. அதுவே பாதி வளைஞ்சு வந்திருக்கு" என்பார்.

குடவாசல் பக்கம் ஒரு பண்ணையில் வயல்வேலை செய்த அஞ்சலைக்கு, அவள் குடியிருந்த பண்ணை மனையிலேயே அப்படியொரு வீடு கட்டிக்கொடுத்தார். மண்ணில் ஊன்றினால் சவுக்கு மக்கிவிடும் என்று நான்கு கருங்கல் மேல் சும்மா உட்காரவைத்தார். வெள்ளம் வந்தபோது ஆறு பேர் அதைத் தூக்கி ஆற்றங்கரை மேட்டில் வைத்தார்கள்; வடிந்ததும் பழையபடி கல் மேல் கொண்டுவந்து வைத்தார்கள். அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வெள்ளச் சேதம் எழுதப் போன வருவாய் ஆய்வாளர் நான். எங்கள் பழக்கம் அன்று தொடங்கியது.

பிறகு கழக ஆட்சியில், பண்ணையாட்கள் குடியிருக்கும் மனை அவர்களுக்கே சொந்தம் என்று சட்டம் வந்தது. நான் மனை பார்க்கப் போன அன்று அஞ்சலை நடவில் இருந்தாள். நான் போவதற்குள் பண்ணையாரின் ஆட்கள் வீட்டைத் தூக்கி ரோட்டோரம் வைத்துவிட்டார்கள். 'மனையில் வீடு இல்லை' என்று எழுதினேன். அந்த ஒரு வரியில் அவள் மனை போனது.

"நல்ல வீடுதாங்கய்யா. ஆனா யார் வேணா தூக்கலாம்ல" என்றாள் அவரிடம். அவள் திட்டியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

அதன்பின் அவர் கட்டிய வீடெல்லாம் மண்ணில் கால் ஊன்றியவை. "மக்கிடுமே சார்" என்று நானே கேட்டேன்.

"மக்கட்டும், மாத்திக்கலாம். தூக்க வர்றவன் தோண்டணும்ல."

வருஷந்தோறும் அறுவடை முடிந்ததும் மக்கிய கால்களை மாற்றக் கிளம்புவார். நான் கழியைப் பிடித்துக்கொள்வேன், அவர் குழியை மூடுவார். வாய்க்கால் புறம்போக்கில் அஞ்சலை போட்டுக்கொண்ட குடிசைக்குத்தான் முதலில் போவோம். திரும்பும்போது பஸ்ஸில், "என் புத்திசாலித்தனத்தால அந்தம்மா மனை போச்சு, ஆர்.ஐ. சார்" என்பார். ஒரு வருஷம்கூடச் சொல்லாமல் விட்டதில்லை.

அவரைத் தெரிந்தவர்களிடம் இதைச் சொல்லிவிட வேண்டும். அன்று ரோட்டோரம் இருந்த வீட்டை நான் பார்த்தேன். மனையில் நான்கு கல்லும் நடுவே சாணி மெழுகிய தரையும் இருந்ததையும் பார்த்தேன். பண்ணையாருக்குப் பயந்து எழுதாமல் விட்டேன். பஸ்ஸில் அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் தப்பைத் தன் தப்பென்று நம்பியே போய்விட்டார் மனுஷர். 'இல்லை சார், நான்தான்' என்று ஒரு தடவை சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை இன்னும் என்னிடமே இருக்கிறது.